வளைவில் மோட்டார் ஏன் வெளியே தள்ளுகிறது?

சுங்கைப் பட்டாணியில் பாக்கார் ஆராங் தொழிற்பேட்டைப் பக்கம் வசிப்பவர்களுக்குக் கடிகாரம் தேவையில்லை. ஷிப்டு மாறும் நேரத்தை மோட்டார் சைக்கிள்களின் சத்தமே சொல்லிவிடும். பீடோங், செமெலிங், தீக்காம் பத்து, புக்கிட் செலம்பாவ் எனச் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் தாமான்களிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள், போகிறார்கள். பெரும்பாலும் கப்சாய்தான். முன்னால் கூடை, பின்னால் மழைச்சட்டை, சில வண்டிகளில் வேலை முடிந்து உணவு விநியோகத்துக்குப் போவதற்கான பெட்டி. ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளமே அந்த இரண்டு சக்கரத்தில்தான் உருண்டு வருகிறது.

2019-ஆம் ஆண்டில் மலேசியச் சாலைகளில் 6,167 பேர் உயிரிழந்தார்கள். பல ஆண்டுகளாகவே இப்படி இறப்பவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். இந்தக் கணக்கு நமக்குப் புதிதல்ல. தோட்டத்திலோ தாமானிலோ நமக்குத் தெரிந்த ஒரு வீடாவது அந்தக் கணக்குக்குள் இருக்கும்.

அப்படிப்பட்ட வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போகும்போது காதில் விழும் முதல் கேள்வி, “பையன் ரொம்ப வேகமாப் போனானா?” என்பதுதான். நியாயமான கேள்விதான். ஆனால் அது பாதிக் கேள்வி. “வண்டியின் டயர் எப்படி இருந்தது? பின்சக்கரம் ஆடியதா? ஹேண்டில் கடித்ததா?” என்று யாரும் கேட்பதில்லை. நேற்று அதே வேகத்தில் திரும்பிய அதே வளைவில் இன்று வண்டி திரும்பவில்லை என்றால், அதற்குக் காரணம் ஓட்டியவர் மட்டும்தானா?

திரும்பாத மோட்டார்

என் அக்காள் மகன் பாக்கார் ஆராங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். சில மாதங்களுக்கு முன் அவன் சொன்ன ஒரு வாக்கியம்தான் என்னை இந்த விஷயத்தில் இறக்கிவிட்டது. “மாமா, இடது பக்க வளைவுல மோட்டார் வெளிய தள்ளுது. நான் சாய்க்கிறேன், அது வரமாட்டேங்குது. அப்புறம் திடீர்னு விழுற மாதிரி சாயுது.”

இடது வளைவில் வெளியே தள்ளினால் வண்டி எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். நாம் சாலையின் இடப்புறம் ஓட்டுகிறவர்கள். வெளியே தள்ளுவது என்றால் நடுக்கோட்டைத் தாண்டி எதிரே வரும் லோரியின் பாதைக்குள் போவது. வலது வளைவில் தள்ளினால் சாலையோரக் கால்வாய் அல்லது இரும்புத் தடுப்பு. இரண்டுமே நல்ல இடமல்ல.

அவன் முதலில் போன பட்டறையில் முன்பக்க அப்சோர்பரை மாற்றச் சொன்னார்கள். மாற்றினான். பணம்தான் போனது, குறை போகவில்லை. பிறகு வேறொரு பட்டறையில் வயதான ஒரு மெக்கானிக் வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, எந்தக் கருவியையும் தொடாமல், கையாலேயே கால் மணி நேரம் சோதித்தார். அவர் கண்டுபிடித்தவை மூன்று. பின்டயர் நடுவில் தேய்ந்து பலகை போல் தட்டையாகியிருந்தது. ஸ்விங் ஆர்ம் புஷ் தேய்ந்து பின்சக்கரம் பக்கவாட்டில் ஆடியது. செயினை இறுக்கியபோது இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே அளவில் இறுக்காததால் சக்கரம் கோணலாக நின்றது.

“தம்பி, மோட்டாரு நேரா போறப்ப பொய் சொல்லும். வளையிறப்ப உண்மையச் சொல்லிடும்” என்றார் அவர். அந்தப் பேச்சில் இருக்கும் இயந்திர உண்மையைத்தான் இனி விளக்கப் போகிறேன்.

சாய்ந்தால்தான் திரும்பும்

கார் திரும்ப அதன் முன்சக்கரங்கள் திரும்பினால் போதும். மோட்டார் சைக்கிள் சாய்ந்தாக வேண்டும். வளைவில் வெளிப்புறமாகத் தள்ளும் விசையை, உள்பக்கமாகச் சாயும் எடைதான் சமன் செய்கிறது. எவ்வளவு சாய வேண்டும் என்பதை வேகமும் வளைவின் இறுக்கமும் தீர்மானிக்கின்றன.

30 மீட்டர் ஆரம் கொண்ட ஒரு வளைவை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 40 கிலோமீட்டரில் போனால் ஏறக்குறைய 23 பாகை சாய வேண்டும். 50-இல் போனால் 33 பாகை. 60-இல் போனால் 43 பாகை. வேகம் 40-இலிருந்து 60-க்கு ஒன்றரை மடங்குதான் கூடியிருக்கிறது. ஆனால் டயர் தார்ச்சாலையைப் பிடித்துக்கொள்ள வேண்டிய விசை இரண்டே கால் மடங்காகிவிடுகிறது. 43 பாகைக்குப் போகும் முன்பே பல கப்சாய்களின் கால்மிதியோ ஸ்டாண்டோ தாரை உரசிவிடும். காய்ந்த சாலையே அந்த அளவு பிடிமானத்தைக் கொடுக்கத் திணறும். மழை பெய்த சாலையால் முடியவே முடியாது.

அந்தப் பிடிமானம் முழுவதும் எங்கிருந்து வருகிறது? ஒரு கப்சாயின் டயர் சாலையைத் தொடும் பரப்பு, ஒரு சக்கரத்துக்கு ஏறக்குறைய இரண்டு தீப்பெட்டிகளை அடுத்தடுத்து வைத்த அளவுதான். இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து நான்கு தீப்பெட்டி. ஓட்டுபவர், பின்னால் உட்கார்ந்திருப்பவர், கூடையில் இருக்கும் சாமான் எல்லாம் அந்த நான்கு தீப்பெட்டி ரப்பரை நம்பித்தான் வளைகிறார்கள்.

நேரே ஓடி நேருக்கே பழகிய வண்டி

1958-இல் ஜப்பானில் அறிமுகமான ஹோண்டா கப் வண்டியிலிருந்து வந்த வம்சம் நம்முடைய கப்சாய். அதே காலத்தில் பினாங்கின் லோ பூன் சியூ அதை மலாயாவுக்குக் கொண்டு வந்தார். ‘கப்’ என்ற பெயரோடு சிறியது என்று பொருள்படும் சீனச் சொல் ஒட்டிக்கொண்டு ‘கப்சாய்’ ஆனது என்பார்கள். கெடாவுக்கு இதில் தனிச் சொந்தமும் உண்டு. 1995-இல் தொடங்கப்பட்ட மொடெனாஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை நம் குரூணில்தான் இருக்கிறது. 1996-இல் அங்கிருந்து வந்த ‘கிறிஸ்’ ஒரு தலைமுறைத் தோட்டப் பிள்ளைகளின் முதல் மோட்டார்.

கப்சாயின் சக்கரம் 17 அங்குலம், பெரியது, ஆனால் ஒல்லி. பழைய இ.எக்ஸ். 5-இன் முன்டயர் 2.25 அங்குல அகலம்தான். பின்டயர் 2.50. பெரிய சக்கரம் குழியில் விழாமல் தாண்டும். ஒல்லி டயர் சுறுசுறுப்பாகத் திரும்பும். செம்மண் சடக்கில் பால் வாளியோடு போகும் வண்டிக்கு இது பொருத்தமான வடிவம்.

ஆனால் இன்று அந்த வண்டி எங்கே ஓடுகிறது? வீட்டிலிருந்து தொழிற்சாலைக்கு, தொழிற்சாலையிலிருந்து வீட்டுக்கு. நேரான பெரிய சாலையில், ஒரே வேகத்தில், ஆண்டுக்கணக்கில். அப்படி ஓடும்போது இரண்டு விஷயங்கள் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கின்றன.

முதலாவது, டயரின் வடிவம் மாறுகிறது. புது டயரைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் முட்டை ஓடு போல் வளைந்திருக்கும். வண்டி சாயச் சாய அந்த வளைவின் மேல் மெல்ல உருளும். நேர்ச்சாலையிலேயே ஓடினால் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தட்டையாகி, இரு பக்கமும் ஒரு விளிம்பு உருவாகிவிடும். அந்த டயரைச் சாய்க்கும்போது முதலில் தட்டைப் பகுதி எதிர்க்கும். அதனால்தான் ‘நான் சாய்க்கிறேன், அது வரமாட்டேங்குது’. இன்னும் அழுத்தினால் விளிம்பைத் தாண்டி மறுபக்கம் சடாரென விழும். அதனால்தான் ‘திடீர்னு விழுற மாதிரி சாயுது’. வீட்டுப் படிக்கட்டின் ஓரத்தில் பெட்டியைத் தள்ளினால் என்ன ஆகுமோ, அதேதான்.

இரண்டாவது, ஹேண்டிலைத் தாங்கும் பேரிங் கெடுகிறது. பட்டறையில் ‘கோன்’ என்பார்களே, அது. உள்ளே சிறு குண்டுகள் ஒரு வளையத்தில் உருளும். ஹேண்டில் எப்போதும் நேராகவே இருக்க, சாலையின் ஒவ்வொரு குழியும் அதே இடத்தில் குண்டுகளை இடிக்கிறது. நாளடைவில் வளையத்தில் சின்னச் சின்னப் பள்ளங்கள் விழுந்துவிடும். ஹேண்டில் நடுவில் வந்து ‘கடிக்கும்’. நேராகப் போகும்போது இது தெரியாது, சொல்லப்போனால் வண்டி உறுதியாகப் போவது போலவே இருக்கும். வளைவில் ஹேண்டில் மெல்லிய அளவில் தன்னைத்தானே சரிசெய்துகொள்ள வேண்டும். பள்ளத்தில் சிக்கிய பேரிங் அதை அனுமதிக்காது. வண்டி ஒரு கோட்டில் போகாமல் அலையும்.

ஆக, நேர்ச்சாலை வண்டியை நேருக்கு மட்டுமே பழக்கிவிடுகிறது. குறை சேர்வது நேர்ச்சாலையில், அது வெளியே வருவது வளைவில்.

வண்டி சொல்வதைக் கேளுங்கள்

மருத்துவரிடம் போனால் “எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது” என்று கேட்பார். பட்டறைக்குப் போகும்போது “வளைவில் சரியில்லை” என்று மட்டும் சொல்லாமல், எப்படிச் சரியில்லை என்று சொல்லத் தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

சாய்க்கும்போது முதலில் எதிர்த்துப் பிறகு சடாரென விழுந்தால், டயர் தட்டையாகியிருக்கிறது. நூல் இன்னும் மிச்சம் இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். இங்கே பிரச்சினை நூலின் ஆழம் அல்ல, டயரின் வடிவம்.

ஹேண்டில் கனமாக, மந்தமாகத் திரும்பினால், முதலில் முன்டயரின் காற்றைப் பாருங்கள். காசு செலவில்லாத வைத்தியம் இது.

வளைவின் நடுவில் பின்பக்கம் மீன் வாலைப் போல் அசைந்தால், ஸ்விங் ஆர்ம் புஷ், பின்சக்கர பேரிங், பின் அப்சோர்பர், பின்டயர் காற்று ஆகிய நான்கையும் வரிசையாகச் சந்தேகப்படுங்கள்.

ஒரு பக்கம் நன்றாகத் திரும்பி, மறுபக்கம் திரும்ப மறுத்தால், சக்கரங்கள் ஒரே கோட்டில் இல்லை. செயின் இறுக்கும் இடத்தில் இரு பக்கமும் கோடுகள் இருக்கும், அவை சமமாக இருக்க வேண்டும். வண்டி எப்போதாவது விழுந்திருந்தால் ஃபோர்க் வளைந்திருக்கவும் வாய்ப்புண்டு.

மெதுவாகத் திரும்பும்போது மட்டும் அலைந்தால், ஹேண்டில் பேரிங்.

பின்னால் ஆள் ஏறினால் மட்டும் வெளியே தள்ளினால், அது எடையின் வேலை. சுமை முழுவதும் பின்னால் போகும்போது முன்சக்கரம் லேசாகிப் பிடிமானம் குறைகிறது. கேஸ் சிலிண்டரைப் பின்னால் கட்டிக்கொண்டு போகும்போதும், உயரமான உணவுப் பெட்டியில் கனத்தை அடுக்கும்போதும் இதுவே நடக்கிறது. கனமானதைக் கீழேயும் நடுவிலும் வைப்பதுதான் வழி.

ஞாயிற்றுக்கிழமைப் பத்து நிமிடம்

இவற்றைக் கண்டுபிடிக்க மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. பசியாறிவிட்டு வீட்டு வாசலில் பத்து நிமிடம் போதும். என்ஜினை அணைத்து, சமதளத்தில் வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள்.

ஒருவர் பின்பக்கத்தை அழுத்திப் பிடிக்க, முன்சக்கரம் தரையை விட்டு எழட்டும். ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாக இடமிருந்து வலம் தள்ளுங்கள். எண்ணெய் போல வழுக்கிப் போக வேண்டும். நடுவில் நின்று கடித்தால் பேரிங் போய்விட்டது. பிறகு ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். ‘டக் டக்’ என்ற ஆட்டம் இருக்கக்கூடாது.

அடுத்துப் பின்சக்கரம். டயரை இரு பக்கமும் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். சக்கரம் மட்டும் ஆடினால் சக்கர பேரிங். சக்கரத்தோடு சேர்ந்து ஸ்விங் ஆர்மும் ஆடினால் புஷ்.

டயரைப் பின்னாலிருந்து குனிந்து பாருங்கள். மேல் விளிம்பு வளைந்திருக்கிறதா, தட்டையாக இருக்கிறதா? டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். நூல் தேயாமலே வயதாகி, வெயிலில் காய்ந்து, ஓரத்தில் வெடிப்பு விட்ட டயர் மழையில் வழுக்கும். அதிகம் ஓடாத வண்டிகளில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

காற்றின் அளவு ஒவ்வொரு வண்டிக்கும் மாறும். செயின் கவரிலோ ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருக்கும் சிறு ஸ்டிக்கரில் அது இருக்கும். தனியாகப் போகும்போது ஓர் அளவு, பின்னால் ஆள் ஏறினால் பின்டயருக்குக் கூடுதல் அளவு. கையால் அமுக்கிப் பார்த்துக் காற்றைக் கணக்கிடாதீர்கள். ஓடிச் சூடேறிய டயரிலும் அளக்காதீர்கள், எண் கூடுதலாகக் காட்டும்.

கடைசியாக, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை அழுத்துங்கள். ஃபோர்க் இறங்கி அமைதியாக ஏற வேண்டும். குழாயில் எண்ணெய் கசிவு இருந்தால் அது பிரேக்கிலும் டயரிலும் இறங்குவதற்கு முன் சரிசெய்யுங்கள்.

கப்சாயின் புஷ்ஷும் கோனும் பெரிய செலவு வைக்கும் சாமான்கள் அல்ல. எக்சோஸ்ட் பைப்புக்கும் வண்ண விளக்குக்கும் நம் பிள்ளைகள் செலவழிக்கும் பணத்தில் வண்டியின் அடிப்பாகத்தையே புதிதாக்கிவிடலாம். ஆனால் புஷ்ஷை மாற்றினால் யாருக்கும் தெரியாது. அதுதான் சிக்கல்.

சோத்தோங் டயர்

அழகுக்காகச் செய்யும் மாற்றங்களில் ஒன்றைப் பற்றி மட்டும் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘தாயார் சோத்தோங்’ என்று பிள்ளைகள் அழைக்கும் மெல்லிய டயர். நேர்க்கோட்டுப் பந்தய வண்டியைப் பார்த்து வந்த மோகம் இது. அந்த வண்டி ஒரு சில நொடிகள், நேராக, ஓர் ஆளோடு மட்டும் ஓடுவதற்கானது. அதே டயரைப் போட்டுக்கொண்டு தங்கையைப் பின்னால் ஏற்றி, மழையில், வளைவில் போவது வேறு விஷயம்.

ஒய் 15 வண்டிக்குத் தயாரிப்பாளர் கொடுப்பது முன்னால் 90, பின்னால் 120 மில்லிமீட்டர் அகல டயர். அந்த வண்டியின் ஃபோர்க், எடை, பிரேக் எல்லாம் அந்த அகலத்துக்கு ஏற்பக் கணக்கிடப்பட்டவை. அதில் பாதி அகல டயரை மாட்டினால் நாம் சொன்ன தீப்பெட்டிக் கணக்கு என்னவாகும்? டயரின் சுமைத் தாங்கும் அளவும் குறைந்துவிடும். வண்டியைத் தாழ்த்தினாலும் இதே கதைதான். சாயும்போது ஸ்டாண்டு தாரில் முட்டி, சக்கரத்தையே தரையிலிருந்து தூக்கிவிடும்.

நூறு வெள்ளிக் கணக்கு

வண்டி சரியாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது. 1981-இல் அமெரிக்காவில் ஹேரி ஹர்ட் என்பவர் தலைமையில் வெளிவந்த ஆய்வு, லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் நடந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்தது. வேறு வாகனம் சம்பந்தப்படாத விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டுபவரின் தவறால் நடந்தவை. அதிகப்படியாகப் பிரேக் பிடித்து வழுக்கி விழுந்தது, அதிக வேகத்திலோ போதிய அளவு சாயாமலோ வளைவில் வெளியே போனது ஆகியவையே அந்தத் தவறுகளில் வழக்கமானவை. நாற்பது ஆண்டு கடந்தும், வண்டிகள் மாறியும், இந்த இரண்டு தவறும் மாறவில்லை.

டயரின் பிடிமானத்தைக் கையில் இருக்கும் நூறு வெள்ளியாக நினைத்துக்கொள்ளுங்கள். பிரேக் பிடிக்க ஒரு பங்கு, திரும்ப ஒரு பங்கு. நேராகப் போகும்போது நூறையும் பிரேக்குக்குச் செலவழிக்கலாம். வளைவில் எண்பது வெள்ளி ஏற்கெனவே திரும்புவதற்குப் போய்விட்டது. அங்கே பயந்து ஐம்பது வெள்ளிக்குப் பிரேக் பிடித்தால் கடன்தான், அதை வசூலிப்பது தார்ச்சாலை. சாய்ந்த நிலையில் முன் பிரேக்கைத் திடீரெனப் பிடித்தால் இன்னொன்றும் நடக்கும். வண்டி நிமிர்ந்துகொள்ளும். நிமிர்ந்த வண்டி நேரே போகும். நேரே இருப்பது எதிர்ச்சாலை.

அதனால் பிரேக் வளைவுக்கு முன்னால், நேராக இருக்கும்போதே. கியரைக் குறைப்பதும் முன்னாலேயே. வளைவுக்குள் நுழைந்தபின் எண்ணெயைச் சீராகப் பிடித்துக்கொண்டு போனால் வண்டி நிதானமாக இருக்கும். கண் வளைவு முடியும் இடத்தைப் பார்க்க வேண்டும். கால்வாயைப் பார்த்தால் வண்டி கால்வாய்க்குத்தான் போகும். கண் போகும் இடத்துக்குத்தான் கை போகிறது.

இன்னொரு ரகசியம் உண்டு. இடப்பக்கம் சாய வேண்டுமானால் ஹேண்டிலின் இடப்பக்கப் பிடியை மெல்ல முன்னால் தள்ள வேண்டும். முரணாகத் தோன்றும். சைக்கிள் ஓட்டத் தெரிந்த எல்லாரும் இதை அறியாமலே செய்கிறோம். விமானம் கண்டுபிடித்த ரைட் சகோதரர்களில் வில்பர் ரைட், தாமே சைக்கிள் கடைக்காரர். இதைக் கவனித்துப் பல சைக்கிளோட்டிகளிடம் கேட்டிருக்கிறார். தாங்கள் அப்படிச் செய்வதே அவர்களுக்குத் தெரியவில்லை. தெரியாமல் செய்யும் வரை பரவாயில்லை. வளைவு எதிர்பார்த்ததை விட இறுகும்போது, பயத்தில் கை விறைத்து, அந்தத் தள்ளல் நின்றுபோகிறது. ஹர்ட் ஆய்வும் விபத்தில் சிக்கியவர்களிடம் இந்தத் திறமை ஏறக்குறைய இல்லவே இல்லை என்றது. நம் பி2 உரிமத் தேர்வில் குறுகிய தித்தியில் விழாமல் ஓட்டிக் காட்டுகிறோம். 50 கிலோமீட்டர் வேகத்தில் வளைவைச் சந்திப்பதை யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. காலியான இடத்தில், நிதான வேகத்தில், இடது பிடி, வலது பிடி என்று தள்ளிப் பழகிப் பார்ப்பது நல்லது.

கெடாவின் வளைவுகள்

புத்தகத்தில் இருக்கும் வளைவு சுத்தமாக இருக்கும். நம் வளைவுகள் அப்படியல்ல. தோட்டத்துச் செம்மண் சடக்கு தார்ச்சாலையில் சேரும் முச்சந்தியில், லோரிச் சக்கரங்கள் இழுத்து வந்த சரளை சிதறிக் கிடக்கும். திரும்பும் இடமும் அதுவே. செம்பனைக் குலை ஏற்றிய லோரி வளைவில்தான் பழங்களை உதிர்க்கும். நசுங்கிய செம்பனைப் பழத்தின் மேல் டயர் ஏறினால் எண்ணெய்தான். ஆண்டுத் தொடக்க வெயிலில் ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும்போது, ஓரத்தில் குவியும் சருகுக்கடியில் மணலா குழியா என்று தெரியாது. அறுவடைக் காலத்தில் வயலிலிருந்து ஏறும் இயந்திரங்கள் சாலையில் சேற்றைத் தடவிவிட்டுப் போகும். நீண்ட வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழை, சாலையில் ஊறிய எண்ணெயையெல்லாம் மேலே மிதக்க விடும். அந்த முதல் கால் மணி நேரம்தான் மிக ஆபத்தானது.

விடுமுறை நாளில் குரூணிலிருந்து 1,217 மீட்டர் உயரமுள்ள குனோங் ஜெராய்க்கு ஏறும் இளைஞர்கள் நிறைய பேர். ஏறும்போது தெரியாத குறை இறங்கும்போது தெரியும். இறக்கத்தில் எடை முழுவதும் முன்சக்கரத்துக்கு வரும், பிரேக் சூடேறும். பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்காமல், சிறிய கியரில் என்ஜினையே வேகத்தைக் கட்டுப்படுத்த விடுவதுதான் மலைப்பாதையின் முறை. ஏறும் முன் அடிவாரத்திலேயே டயரையும் காற்றையும் பார்த்துவிடுங்கள்.

சட்டம் செய்ததும் நாம் செய்ய வேண்டியதும்

1973-இல் ஹெல்மெட் கட்டாயமானது. 1992-இல் பகலிலும் முன்விளக்கை எரியவிடச் சட்டம் வந்தது. 2025 முதல் 150 சிசியும் அதற்கு மேலும் உள்ள புதிய மோட்டார் சைக்கிள்களுக்கு ஏபிஎஸ் பிரேக் கட்டாயம் என்று அரசாங்கம் முடிவெடுத்தது. ஒவ்வொன்றும் உயிர் காக்கும் முடிவு. ஆனால் பாக்கார் ஆராங்குக்கு வேலைக்கு வரும் கப்சாய்களில் பெரும்பகுதி 150 சிசிக்குக் கீழே, அதுவும் பழைய வண்டிகள். அப்பா ஓட்டி, அண்ணன் ஓட்டி, இப்போது தம்பி ஓட்டுவது. அந்த வண்டிக்கு ஏபிஎஸ் வரப்போவதில்லை. அதற்கு வரக்கூடியது நல்ல டயரும் ஆடாத புஷ்ஷும் மட்டும்தான்.

என் அக்காள் மகனின் வண்டிக்குப் புது டயரும் புஷ்ஷும் போட்டு, சக்கரத்தை நேராக்கினார்கள். வளைவில் வெளியே தள்ளுவது அன்றோடு நின்றது. ஏற்கெனவே மாற்றிய அப்சோர்பருக்குக் கொடுத்ததை விடக் குறைந்த செலவு. ஆனால் அவன் அந்தக் குறையை வீட்டில் சொல்லாமல் இருந்திருந்தால்? “கவனமாகப் போ” என்று அக்காள் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். அவனும் கவனமாகத்தான் போய்க்கொண்டிருந்தான்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை வேலைக்குக் கிளம்பும்போது “மெதுவாப் போய்யா” என்று சொல்வதை நிறுத்த வேண்டாம். வாரத்தில் ஒரு நாள், “வளைவுல வண்டி எப்படிப் போகுது?” என்றும் கேளுங்கள். பதில் சொல்ல அவன் ஒரு நிமிடம் யோசித்தாலே, வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றிவிடுங்கள்.